நிறுத்தாமல் படித்த கடிதம்

அன்று நீலசந்திராப் பேட்டையில் செல்வத்தின் வீட்டில் அவனும் அவனுடைய இரண்டு அண்ணன்களும் நானும் இருந்தோம். செல்வத்தின் சிநேகிதன் ஜோசப் சிங்கப்பூரில் இருந்தான். செல்வமும் அங்கே வேலைக்குத்தான் போகிறான் என்று நம்பி, அவனுடைய பாஸ்போர்ட் மனுவை நான்தான் நிரப்பியிருந்தேன்.

ஜோசப்பின் கடிதம் கப்பல் டிக்கெட்டோடு வந்தது. தெருவில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வழக்கம்போல உரக்கப் படித்தேன். ஒரு வரியில் நாக்குத் தடுக்கியது. வேண்டாமென்று செல்வம் கண்ணாலேயே கெஞ்சினான்.

"இன்னா வாத்தியாரே, எழுத்து மறந்துபோச்சா?" என்று பெரிய அண்ணன் சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படித்தேன்: "இங்கே நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை. புருஷன் பெண்சாதியாக வாழலாம்."

நான் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் நம்பியிருப்பார்கள்.

அண்ணன்கள் கதவைச் சாத்திவிட்டுச் செல்வத்தை அடித்தார்கள். டிக்கெட் அடுப்புக்குள் போனது. அவனுக்கு வலது கண் போயிற்று. ஜோசப்புக்குச் செல்வம் கிடைக்கவேயில்லை.