மாமா இல்லாத லேபிள்

எங்கள் தெருவிலிருந்து ஒரு போர் விமானம் பல்லாயிரம் முறை புறப்பட்டுப் போயிருக்கிறது. அதற்கு ஓடுதளம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் விரித்த சாக்கில் காய்ந்து, மூட்டையாகி, லாரியில் ஏறி வடக்கே போனது. அனுப்பிவைத்த பெருமை என்னைச் சேரும். அப்போது எனக்குப் பத்து வயது.

கோவில்பட்டியில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்குப் போவார்கள். மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். அம்மா இரண்டாவது வகை. எலியும் கரப்பானும் தின்றுவிடாமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை என்பதால், விரலை வாயில் வைத்தால் எனக்கு அடி விழும். மானும் புலியும் தாமரையும் ஒட்டி ஒட்டி அலுத்துப்போன விரல்கள் எங்களுடையவை.

அம்மாவின் தம்பி விமானப்படையில் இருந்தார். மாமா விமானம் ஓட்டுகிறார் என்று தெருவே நம்பியது. அம்மா அதைத் திருத்தவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் திருத்தவில்லை. உண்மையில் மாமா தரையில் நிற்கிற மெக்கானிக். விமானம் கிளம்பும் முன் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி ஏறுவார். ஏணியைப் பிடித்து அவரை ஏற்றிவிட்டு, ஒதுங்கி நின்று சல்யூட் வைப்பதோடு மாமாவின் வேலை முடிந்துவிடும். அந்த விமானியைப் பற்றிக் கடிதங்களில் நிறைய எழுதுவார். “எங்க சார்” என்றுதான் எழுதுவார். மாமா ஒவ்வொரு முறை லீவு முடிந்து போகும்போதும் அந்த சாருக்கென்று அம்மா ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் தனியாகக் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு கடிதத்துக்குள் ஒரு போட்டோ வந்தது. மாமா விமானத்தின் வால் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வாலில் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும், கடைசியில் இரண்டு ஏழும் இருந்தன. போட்டோவின் பின்னால், ‘யாருக்கும் காட்ட வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அம்மா அதை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். அடுத்த வாரத்துக்குள் தெருவில் ஏழெட்டுப் பேருக்குக் காட்டியும்விட்டாள்.

கொஞ்ச நாளில் எல்லையில் சண்டை தொடங்கியது. டிவி இருந்த வீடுகளில் எல்லாம் பனிமலையும் பீரங்கியும் தெரிந்தன. அப்படி ஒரு நாள், எங்களுக்கு வேலை கொடுக்கிற தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

“ஏட்டி, ஒங்க மாமா பிளேன்ல தான இருக்காவ? பிளேன் படம் ஏதும் கெடக்கா? புதுசா ஒரு லேபிள் போடலாம்னு பாக்குதேன்.”

பட்டுப்புடவை கலைந்தது தெரியாமல் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். மாமா அடுத்த லீவில் வரும்போது தெரு முழுக்க அவர் விமானமாக இருக்கும், அவர் என்னைத் தூக்கிக் கொஞ்சுவார் என்பதுதான் என் கணக்கு. பின்னால் எழுதியிருந்ததை அண்ணாச்சி படித்தாரா என்று தெரியாது. சிவகாசிக்குப் போய் லேபிளாக வந்தது. சிவப்பு வானத்தில் நீல விமானம், வாலில் அந்த எண் அப்படியே, கடைசி இரண்டு ஏழு உட்பட. மாமாவை மட்டும் காணவில்லை. படம் வரைந்தவர் அவரை வெட்டிவிட்டார்.

அம்மா முதலில் என் காதைத் திருகினாள். பிறகு லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு கட்டு அதிகமாக வாங்கி ஒட்டினாள்.

சண்டை ஓய்ந்த பிறகுதான் மாமா வந்தார். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்திருக்கிறார். தெரு முனையிலிருந்தே ஒவ்வொரு வாசலிலும் விமானங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கை என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. அவர் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். வாலைக் கட்டைவிரலால் தடவினார். பசை காய்ந்திருக்கவில்லை. எண் லேசாக நகர்ந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “ஒங்க சாருக்கு மிட்டாய் புடிச்சுதா தம்பி?”

“சாப்பிட்டாவ, அக்கா.”

காபியைக் குடிக்காமலே எழுந்தார். “இந்தப் படத்தை யாரு கொடுத்தா?” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “வா, அண்ணாச்சியப் பாத்துட்டு வருவோம்” என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து வரவேற்றார். “என்ன தம்பி, ஒம்ம பிளேனு இப்ப கல்கத்தாவுல பீடி பத்த வைக்குதுல்லா” என்று சிரித்தார்.

“நம்பரை மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி.”

“ஏன், மிலிட்டரியில கேப்பாவளா?”

“அது திரும்பி வரல.”

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது. “ஆளு?” என்று கேட்டார்.

“அவியளும் வரல.”

அண்ணாச்சி மேசையிலிருந்த லேபிளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, அச்சுப் பிளாக்கை மாற்றச் சொல்லுகிறேன், அடித்து வந்ததுதான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, என்ன செய்ய என்று மெல்லக் கேட்டார். எரித்துவிடலாமா என்று பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளை வாயெடுத்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். “எரிக்க வேண்டாம். நானே அழிச்சுத் தாரேன்” என்றார்.

இரண்டு வார லீவில் முக்கால்வாசி அப்படித்தான் கழிந்தது. மாமா ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, கறுப்பு மையில் தொட்டு, ஒவ்வொரு லேபிளிலும் வாலில் ஒரு பொட்டு வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றின் ஈரம் மற்றதில் படாமல் பரப்புவேன். எண்ணைத் தாண்டி மை ஒரு நூல்கூட வழியாது. அழித்த ஒவ்வொன்றையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தீப்பெட்டி லேபிளுக்கு இவ்வளவு சோதனையா என்று அம்மாவுக்கே எரிச்சல் வந்தது.

என் பயம் வேறு. யாருக்கும் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்ததை நான் காட்டினேன். லேபிள் லாரியில் வடக்கே போனது. அங்கே எதிரி ஒருவன் பீடி பற்ற வைத்திருக்கிறான், எண்ணைப் படித்திருக்கிறான், வானத்தில் தேடி அந்த விமானத்தை மட்டும் சுட்டுவிட்டான். எனக்கு இது சந்தேகமே இல்லாமல் தெரிந்திருந்தது. சோறு இறங்கவில்லை. மாமாவும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது மாமாதான். குண்டு பட்டு விழுந்ததா, என்ஜின் நின்று விழுந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. பனிமலையில் விழுந்ததை எடுக்க முடியவில்லை. மாமாவை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவர் தப்பில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே மேலும் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கயத்தாறு ரோட்டில் வீடு கட்டி இருக்கிறார். அண்மையில் எல்லையில் மறுபடி சண்டை வந்தபோது, எந்தப் பக்கம் எத்தனை விமானம் விழுந்தது என்று மாமா வீட்டு டிவியில் நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா எழுந்து போய் எனக்கு முதுகைக் காட்டி, நன்றாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த லேபிள் நாட்களில் அவர் என்னிடம் கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

அது அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால். மத்தியான வெயில். கடைசியாக நாலைந்து கட்டுகள்தான் மீதி இருந்தன. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“மாமா, என்னாலயா அது விழுந்துச்சு?”

குச்சி நின்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பீடி, எண், எதிரி. அவர் சிரிக்கவில்லை. மை படாத புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தார்.

“இல்லட்டி. நீங்க ஒட்டத் தொடங்குறதுக்கு முன்னாலயே அது போயிட்டு. ஒன்னால இல்ல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான் சொல்லுதேன். ஒன்னால இல்ல.”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் ஒரே நொடியில் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒனக்குச் சொல்லிட்டேன்ல. இப்ப நீ எனக்குச் சொல்லு.”

“என்ன சொல்லணும்?”

“நான் சொன்னதத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவை எடுத்துக் கொடுத்தது நான், லேபிள் போட்டது அண்ணாச்சி. இதில் மாமாவுக்கு என்ன வந்தது?

“நீங்க என்ன மாமா செஞ்சீங்க? சும்மா பக்கத்துலதான நின்னீங்க. லேபிள்ல நீங்க இல்லவே இல்லையே.”

மாமா தலையை ஆட்டினார். “ஆமாட்டி. பக்கத்துலதான் நின்னேன்” என்றார். பிறகு குச்சியை மையில் தொட்டு அடுத்த லேபிளை எடுத்தார்.

தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடிவிட்டேன். மீதிக் கட்டுகளை மாமா ஒருவராகவே அழித்து முடித்தார்.