பொட்டுக்கு மேலே நின்ற முள்

வத்தேகமையில் அப்பா ஆள் ஏற்றி ஹயருக்கு ஓட்டிய வாடகைக் காருக்கு அவரைவிட வயது அதிகம். அதன் பெற்றோல் முள் எப்போதும் குறைத்தே காட்டும். டேங்கில் பாதி இருந்தாலும் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். முள்ளை மூடியிருந்த கண்ணாடியில், அடிப்பக்கமாக ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா பூசைக்கு ஒட்டியது என்றே நினைத்திருந்தேன்.

கண்டியில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. அதற்கு முதல் நாள் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். படித்ததை வைத்து அப்பாவுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும். டேங்கைத் திறந்து, முள்ளை ஏற்றி இறக்கும் மிதவையை எடுத்தேன். சின்னப் பித்தளை டப்பா. குலுக்கினால் உள்ளே பெற்றோல் சலசலத்தது. மிதக்க வேண்டியது பாதி மூழ்கிக் கிடந்திருக்கிறது! சுடுதண்ணீரில் அமிழ்த்தியதும் ஊசிமுனை ஓட்டையிலிருந்து குமிழி வந்தது. வடித்து, நன்றாகக் காயவைத்து, ஈயம் வைத்து அடைத்தேன். கண்ணாடியையும் துடைத்து, பொட்டைப் பயபக்தியோடு அதே இடத்தில் ஒட்டினேன்.

"இனிமே முள் பொய் சொல்லாதுப்பா."

"பொட்டைக்கூட மறக்கல பாரு" என்று அப்பா பூரித்துப்போனார்.

காலையில் முள்ளைப் பார்த்தார். "பொட்டுக்கு மேலதான் நிக்குது. கண்டிக்குப் போய்ட்டே வந்துடலாம்."

மடவளை தாண்டி ஓர் ஏற்றத்தில் கார் இருமி நின்றது. மணி எட்டு. ஒன்பதுக்குப் பரீட்சை.

"பொட்டுக்கு மேலதானடா நின்னுச்சு!"

"பொட்டுக்கும் பெற்றோலுக்கும் என்னப்பா?"

"நான் ஒட்டுன அடையாளம்டா அது. முள் அதுல வந்து உக்காந்தா பெற்றோல் போடணும். அந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நான் என்னத்தக் கண்டேன்?"

பழைய முள் பொட்டுக்கு வரும்போது டேங்கில் இரண்டு காலன் பெற்றோல் மிச்சமிருக்கும். நான் திருத்திய முள் அங்கே வரும்போது டேங்க் காய்ந்திருக்கும். இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயும், காலி, முழுசு என்று காட்டும் அந்த E, F எழுத்துகள் அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பின்னால் வந்த பஸ்ஸை அப்பா கைகாட்டி நிறுத்தினார்.

"என்னண்ணே, கார் இன்னைக்கு விரதமா?" என்றார் கொண்டக்டர்.

"நாந்தான் பெற்றோல் போட மறந்துட்டேன். புள்ளைய ஏத்திக்க, வாத்தியார் வேலைக்குப் போறான்."

நான் வாயைத் திறப்பதற்குள் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். வெறும் பெற்றோல் கேனோடு சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன். இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பொட்டு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. முள்ளைப் பழையபடி ஆக்கிவிடச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"காலன் காலனா ஊத்திப் பாத்து வச்சிருக்கேன்" என்றார். "இது உன் முள்ளுக்கு."