வாத்தியார் வீட்டு ஸ்டோரம்மா

“என் சமையல்கட்டுல ஒரு சாமானாவது வச்ச இடத்துல இருக்கா?”

வெளிநாட்டுக்கு வந்ததிலிருந்து வாத்தியாருக்குத் தினமும் இதே பாட்டுதான். பாடியவர் அவர் மனைவி. கேள்வியில் நியாயம் இருந்தது. வாத்தியார் அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போன பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். பேருக்கு ஒரு சோதனைக்குழாய்கூடக் கிடையாது. கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்தார். எல்லாக் கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் வீட்டுச் சமையலறையே அவருக்குக் கடையானது. புனல், டீ வடிகட்டி, கண்ணாடி டம்ளர், மஞ்சள்தூள் என்று காலையில் பைக்குள் போனதில் பாதிதான் சாயங்காலம் வீடு திரும்பும். கூட வேலை பார்த்தவர்கள் அந்த அம்மாளுக்கு ‘ஸ்டோரம்மா’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஸ்டோரம்மாவும் சும்மா விடுகிற ஆள் இல்லை. விருந்தாளி யாராவது வந்தால் போதும், கணவரின் வகுப்புக் குரலை அப்படியே எடுத்துவிடுவார்.

“பசங்களா, இது என்ன? புனல். யாரு வீட்டுப் புனல்? அதெல்லாம் கேக்கக் கூடாது, சிலபஸ்ல இல்ல.”

எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பது வாத்தியார்தான்.

ஒரு மழைக்காலத்தில் உடம்புச் சூட்டைப் பற்றிப் பாடம் வந்தது. வீட்டிலிருந்த ஒரே தெர்மாமீட்டரும் பைக்குள் போனது. பாடம் முடிந்த பிறகும் அது பள்ளிக்கூட மேசையிலேயே கிடந்தது. அந்த வாரம் ஸ்டோரம்மா காய்ச்சலில் படுத்தார். வாத்தியார் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “லேசாத்தாம்மா இருக்கு, மாத்திரை போட்டா சரியாயிரும்” என்றார். ஸ்டோரம்மாவுக்குப் பேச்சு குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது, இவ்வளவு காய்ச்சலை வைத்துக்கொண்டு ஏன் வீட்டில் இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

ஒரு சாயங்காலம் ஸ்டோரம்மாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. வாத்தியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

“பாடம் முடிஞ்ச அன்னிக்கே நான் அந்தத் தெர்மாமீட்டரக் கொண்டாந்திருந்தா, உன்னை இப்படி விட்டிருக்க மாட்டேனேம்மா.”

அன்றைக்கு ராத்திரியே ஸ்டோரம்மா போய்ச் சேர்ந்தார். இப்போதெல்லாம் வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டே பாடத்தை முடித்துவிடுகிறார். வெறுங்கையோடு போகிறார், வெறுங்கையோடு வருகிறார். அவர் மேல் தப்பில்லை என்று சொல்லாத ஆள் இல்லை. எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அதையே அந்தச் சாயங்காலம் ஸ்டோரம்மாவும் தன் பாஷையில் சொல்லித்தான் பார்த்தார்:

“கொண்டாந்திருந்தா மட்டும்? அத்தனை பசங்க கடிச்சதை நான் வாயில வச்சிருப்பேனாக்கும். முதல்ல மூஞ்சியத் தொடைங்க, நர்சம்மா பாக்குறாங்க.”