ராசாவின் செல்களோடு கொல்லிமலைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சேலத்தில் கொல்லிமலை பஸ் ஏறினேன். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு குப்பி. குப்பிக்குள் ஒரு குதிரையின் ஸ்டெம் செல்கள், உயிரோடு. இன்றைக்குள் அவை இன்னொரு குதிரையின் முழங்கால் மூட்டுக்குள் போய்ச் சேராவிட்டால் வீண்தான். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஆய்வகத்தில் இந்தச் செல்களை வளர்க்கிறவள். ஊசி போடும் டாக்டர் வெளியூர் போயிருந்ததால் நானே கிளம்பினேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமானவை. கணவரைப் பிரிந்து நான்கு வருடமாகிறது. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள, வீட்டில் பூட்டைத் தவிர ஆள் கிடையாது.

ராசிபுரம் தாண்டி, பேளுக்குறிச்சியில் ஒரு அம்மாள் வெங்காய மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே பெட்டி மேல்தான் கண்.

"ஏங்கண்ணு, மீனா?"

"இல்லீங்க. குதிரைக்கு மருந்து."

"நல்லாருக்குது போ. குதிரைக்கு மருந்து பஸ்ஸேறி வருது. எனக்குத் தலவலி மாத்தர வேணும்னா நான் செம்மேட்டுக்குப் போவோணும்."

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவர்களுக்கு உதவியாக. பத்தாவது வளைவிலேயே அந்த அம்மாள் தூங்கிப்போனார். தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. எனக்குக் கை மரத்துப்போனது, ஆனாலும் அசையவில்லை. என் தோளில் ஒரு தலை சாய்ந்து வெகுகாலமாகிவிட்டது. சோளக்காட்டில் விழித்துக்கொண்டு, "வாரேன் கண்ணு" என்று மூட்டையோடு இறங்கிப் போய்விட்டார். ஊரே அங்கு இறங்கிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

பத்து மணிக்குச் செம்மேடு. வெயில் அடித்தது, குளிரவும் செய்தது. ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோவில் வாசலூர்பட்டிக்குப் போனேன். படகுத் துறை வாசலில் சுற்றுலாக் கூட்டம். தட்டில் அடுக்கிய அன்னாசித் துண்டு இருபது ரூபாய், மிளகாய்ப்பொடி இலவசம். எல்லோரும் இரண்டு பேராக, நான்கு பேராகப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடி தங்களைப் படமெடுத்துத் தரச் சொல்லி என்னிடம் போனைக் கொடுத்தது. தனியாக நிற்கிறவர்களுக்கென்று சில பொது வேலைகள் எப்போதும் இருக்கும்.

குதிரைக்காரர் வெள்ளையன் அங்கேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றுவதுதான் பிழைப்பு. அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே குதிரை செம்பி. அவளும் முழங்கால் மூட்டு தேய்ந்து கொட்டகையில் நிற்கிறாள். அவள் நடந்தால்தான் அவருக்குத் தொழில். இல்லையென்றால் விற்க வேண்டியதுதான்; அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள்.

கொட்டகை அவர் வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது. செம்பி பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். மூட்டு இன்னமும் லேசாகச் சூடாக இருந்தது.

"போன மாசம் மொத ஊசி போட்டாங்கள்ள, அன்னிக்கே எப்படி இருந்தது, அண்ணா?"

"பொழுது எறங்கறதுக்குள்ள பலாக்கா மாதிரி வீங்கிருச்சுங்க. காலக் கீழ வெக்கல. நாலு நாள் தண்ணி ஊத்தி ஊத்தி அடக்கினேன். டாக்டரு அது சகஜந்தான்னு போன்ல சொன்னாருங்க."

ஊசிக்குப் பிறகு கொஞ்சம் வீக்கம் சகஜம்தான். இவ்வளவு வீக்கம், இவ்வளவு சீக்கிரம், அதுவும் முதல் ஊசியிலேயே வருவது சகஜமில்லை. வேறொரு குதிரையின் செல்லை உடம்பு அன்னியம் என்று அடையாளம் கண்டு விரட்டப் பொதுவாக நாள் பிடிக்கும். இவள் உடம்போ தயாராகக் காத்திருந்ததுபோல் பாய்ந்திருக்கிறது. ஊசியை உறையிலிருந்து எடுக்காமலே கேட்டேன், செல் கொடுத்த குதிரை எது என்று. எங்கள் ஆய்வகத்துக்கு அது வெறும் எண்தான்.

"நம்ம ராசாதானுங்க." முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "டாக்டரு வேற ஊர்க் குதிரையோடத வெக்கலாம்னாரு. நான் ஒத்துக்கல. பொண்ணு குடுத்தாலும் எடுத்தாலும் நாங்க சொந்தத்துக்குள்ளதானுங்க. ஒடம்புக்குள்ள போறதுக்கு மட்டும் எவனோ எதுக்குங்க? இவ புருசன் இருக்கறப்ப."

"புருசனா?"

"இவ போட்ட குட்டிக்கு ராசாதானுங்க அப்பன். குட்டியக் குடுத்துட்டோம். செல்லு எடுத்த பொறவு மழக்காலத்துல ராசா வயித்துவலி வந்து செத்துட்டான். இப்ப அவன்னு மிச்சம் இருக்கறது உங்க பொட்டியில இருக்கறதுதான். போடுங்க மேடம்."

பெட்டியைக் கீழே வைத்தேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொன்னேன். குட்டியின் உடம்பில் பாதி அப்பனுடையது. அதை வயிற்றில் சுமக்கும்போது சில பெட்டைகளின் ரத்தம் அந்தப் பாதியை அன்னியம் என்று குறித்துவைத்துக்கொள்ளும். குட்டி பிறந்து வருடங்கள் போனாலும் மறக்காது. அப்புறம் அதே ஆணின் செல் உள்ளே வந்தால் விடாது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் இன்று இந்தக் குப்பியைப் போட்டால், போன தடவையைவிட மோசமாக வீங்கி, இருக்கிற மூட்டும் போய்விடலாம்.

அவர் செம்பியின் கழுத்தில் கை வைத்தார்.

"அவன் யாருன்னு இவளுக்குத் தெரியலையாங்க?"

"தெரிஞ்சதாலதாங்க, அண்ணா."

நான் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தேன். அவளோடு எந்த உறவும் இல்லாத, வேறு ஊர்க் குதிரையின் செல்லைப் பொருத்தம் பார்த்துப் போடலாம் என்றேன். குணமாகும் என்று சத்தியம் செய்ய முடியாது, வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"இந்தக் குப்பிய என்ன பண்ணுவீங்க?"

"திரும்பக் கொண்டுபோய் அழிச்சிரணுங்க. சட்டம் அப்படி."

பெட்டியைக் கீழேயிருந்து எடுத்து, திறக்காமல் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "வேத்தானோடதே கொண்டாங்க மேடம். இவ நடக்கோணும்."

எனக்கு அழுகை வந்தது. கொள்ளு மூட்டையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செம்பியை அவிழ்த்துவிட்டார். அவள் நொண்டிக்கொண்டே கொட்டகையின் மறுமூலைக்குப் போனாள். அங்கே கயிறு இல்லாத ஒரு கட்டுத்தறி இருந்தது. அதில் மூக்கை வைத்து முகர்ந்தாள், முகர்ந்துகொண்டே நின்றாள்.

"ராசாவக் கட்டற எடமுங்க," என்றார் வெள்ளையன். "தெனமும் அவுத்துவுட்டா இப்படித்தான்."

இறங்கும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. என் பக்கத்து இருக்கை காரவள்ளி வரை காலி. ராசாவை முகர்ந்து தேடுவதும் செம்பியின் உடம்புதான், உள்ளே விடாமல் விரட்டுவதும் அதே உடம்புதான். இதில் எது பொய் என்று கேட்டால் ஆய்வகத்தில் பதில் இல்லை. என் கணவர் இரண்டு முறை, திரும்பி வரட்டுமா என்று கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சேலத்து வீட்டில், அவ்வளவு பெரிய கட்டிலில், இன்றைக்கும் நான் சுவரோரமாகத்தான் படுக்கிறேன்.