காதில் சொல்லும் ஆட்டம்

என் குறும்பால் உருப்படியாக நடந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் எனக்குக் குட்டுதான் விழுந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். இரண்டாவது பிள்ளைக்கு யாரும் வளைகாப்பு போடுவதில்லை. ஆனால் நான் வயிற்றில் இருந்தபோது குடும்பத்தில் ஒரு சாவு விழுந்து, வளைகாப்பு நின்றுபோயிருந்தது. அந்தக் குறையை அம்மா எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால், அப்பா ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார்.

வளைகாப்பு அன்று காலையிலிருந்தே அம்மாவுக்குத் தலைவலி. பெண்கள் சந்தனம் பூச வரிசைகட்டியதும் என்னை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு ஆட்டம் ஆடலாம். யாரு வர்றாங்கன்னு என் காதுல மட்டும் சொல்லு. வேற யாருக்காவது கேட்டுச்சுன்னா நீ அவுட்டு."

எனக்கு ஏகக் குஷி. பெரியம்மா, சித்தி, டீச்சர் என்று ஓதிக்கொண்டே இருந்தேன். அம்மாவும் ஒவ்வொருவரையும் வாய் நிறைய வரவேற்றாள். கை உப்பியிருந்ததால் வளையல் ஏறவில்லை. நன்றாகச் சதை போட்டிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சோப்பு தடவி ஏற்றினார்கள். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு, உண்மையையே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு அலுத்துப்போனது.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. காக்களூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. பொருளில் ஒரு கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். வீட்டிலும் அதே கண்தான். அப்பாவே அவள் எதிரில் உட்கார மாட்டார். நான் அம்மாவின் காதில், "பக்கத்து ஊட்டு அக்கா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து, "வாடி, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? பயந்துக்கினு நிக்காத, நல்லாப் பூசு" என்றாள்.

கூடமே சிரிப்பில் குலுங்கியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு வளையலை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது இன்னா கலரு, சொல்லு."

"செவப்பு, அண்ணி."

"பச்ச" என்றாள் அத்தை. "எப்பலருந்து தெரியல?"

"காலையிலருந்து. எல்லாம் ஆசையா வந்துக்கினு இருக்காங்க, எப்டி அண்ணி சொல்றது?" என்று அம்மா அழுதுவிட்டாள்.

பாயசத்தை யாரும் தொடவில்லை, ஆட்டோ வந்துவிட்டது. பிரஷர் எகிறிக் கிடக்கிறது, அதனால் கண்ணுக்குள் நீர் கோத்து விழித்திரை விலகியிருக்கிறது, தாமதித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்று மாலையே ஆபரேஷன் செய்து தம்பியை எடுத்தார்கள். பிரஷர் இறங்கினால் பார்வை மெல்லத் திரும்பும், காத்திருங்கள் என்றார்கள்.

அத்தை லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அம்மா தம்பியின் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். எப்படி இருக்கிறான் என்று என்னைத்தான் கேட்டாள். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"கொரங்கு மாதிரி இருக்கான்."

தையல் வலிக்க வலிக்க அம்மா சிரித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பி நின்றேன். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என்னைக் கிட்டே கூப்பிட்டாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காலையில் தின்றது ஏதோ என் வாயோரம் ஒட்டியிருக்கிறது போலும் என்று நினைத்து, அவள் கையை விலக்கிவிட்டு ஓடிப்போய், முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.