கேப்டன் அம்மா எந்த வரிசை?

எண்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு ஷாமியானா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்புப் பாதியில் வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். பம்பாயில் ஓட்டல் மேசை துடைத்தேன். விஜயவாடா பக்கம் லாரிக்குக் கிளீனராகப் போனேன். கோவளத்தில் மீன் கூடை சுமந்தேன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தங்காது. தாம்பரத்துக்கு வந்ததும் அப்படித்தான். ரயில் நின்றது, இறங்கினேன். ஷாமியானா கடையில் சாப்பாடு போட்டார்கள், மடித்துவைத்த துணிகளின் மேலேயே படுத்துக்கொள்ளவும் விட்டார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு முகாம் நடந்தது. பந்தல் எங்களுடையது. பென்ஷன் நின்றுபோனவர்கள், கேன்டீன் கார்டு கிடைக்காதவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்பவர்கள் எல்லோரும் வருவார்கள். அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்து விசாரிப்பார்கள். அன்றைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. வடக்கிலிருந்து ராணுவ டாக்டர்கள் வந்திருந்தார்கள். வேலையில் இருந்தபோது அடிபட்டவர்களை அவர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னால்தான் ஊன பென்ஷன் கிடைக்கும். மத்தியான ரயிலுக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

வரிசையைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன பையன்கள் வரவில்லை. கடை முதலாளி என்னைப் பிடித்துச் சட்டையில் ஒரு நீல ரிப்பனைக் குத்தி, கையில் விசிலைக் கொடுத்தார். "டேய், ஒருத்தரும் முண்டக்கூடாது. ஆம்பளைங்க ஒரு லைன், பொம்பளைங்க ஒரு லைன். கலக்க வுட்டுடாத" என்றார்.

கயிறு கட்டியதும் நான்தான். வலது பக்கம் ஆண்கள் வரிசை. அது பென்ஷன் மேசையைத் தாண்டி டாக்டர்கள் இருந்த பந்தலுக்குப் போகும். இடது பக்கம் பெண்கள் வரிசை. அது விதவைகளுக்கான மேசையோடு முடிந்துவிடும். நாட்டில் எங்கே கூட்டம் சேர்ந்தாலும் வரிசை இப்படித்தான் பிரிப்போம், இல்லையா? ரேஷன் கடையில், சினிமாக் கொட்டகையில், கோயிலில். எனக்கு அதில் யோசிக்க எதுவுமே இல்லை.

ரிப்பன் குத்தினதும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. பட்டாளத்தில் இருந்த பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் என் விசிலுக்கு நகர்ந்து நின்றார்கள். அதுவரைக்கும் யாரும் என் சொல்லைக் கேட்டதில்லை.

ஒன்பது மணி வாக்கில் சேலையூர்ப் பக்கத்திலிருந்து ரிக்‌ஷாவில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் குடையும் ஒரு பையும். அந்த அம்மாவுக்கு ஐம்பது இருக்கலாம். வெளிர்நிறச் சேலை, இழுத்துக் கட்டிய கொண்டை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. ரொம்ப நேராக நடந்தார். எதையோ விழுங்கிவிட்டவர்போல, குனியவே முடியாத நேர். அந்த அம்மாதான் ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார். கணவர் பக்கத்தில் குடை பிடித்தார்.

நான் விசிலை ஊதிக்கொண்டே போனேன்.

"இன்னாமா, லேடீஸ் லைன் அந்தாண்ட கீது. அங்க போ, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"நான் டாக்டரைப் பாக்கணும் தம்பி. இந்த லைன்தானே அங்க போவுது?" என்றார்.

"அது மிலிட்டரில இருந்தவங்களுக்குமா. சார் நிக்கட்டும், நீ அந்தப் பக்கம் போ."

அவர் கணவர் சிரித்தார். "தம்பி, நான் ஸ்கூல் வாத்தியார். மிலிட்டரில இருந்தது இவங்கதான்."

வேடிக்கை பேசுகிறார் என்றே நினைத்தேன். வரிசையில் முன்னால் நின்ற ஒரு மீசைக்காரர் திரும்பிப் பார்த்து, "சரியாத்தான் சொல்றாரு. எங்க வூட்லயும் கமாண்டர் அவதான்" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இது தனக்குப் புதிதல்ல என்பதுபோல என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கணவரிடம், "நீங்க வெயில்ல நிக்காதீங்க, அப்புறம் மூச்சு வாங்கும். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வரிசைக்குப் போனார். நான் கணவரைக் கூட்டிக்கொண்டுபோய் மேடைப் பக்கம் ஃபேனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "டீ சாப்புடுங்க சார். எந்த ரெஜிமெண்ட் சார்?" என்று வேறு கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் எங்கேயோ சண்டைச் சத்தம் கேட்டு ஓடிவிட்டேன்.

பெண்கள் வரிசை நகரவே இல்லை. ஒவ்வொருவரும் மேசையில் தன் கதையைச் சொல்லி அழுதார்கள், கிளார்க்கும் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் அந்த அம்மாவின் முறை வந்தது. கிளார்க் தலை நிமிராமல் வீட்டுக்காரர் எப்போது இறந்தார் என்று கேட்டார்.

"அதோ, டீ குடிச்சிட்டிருக்கார்" என்றார் அந்த அம்மா.

"உசிரோட இருந்தா அவருதாம்மா வரணும். ஜென்ட்ஸ் லைன்ல வரச் சொல்லுங்க. அடுத்தது யாரு?"

அவர் திரும்பவும் ஆண்கள் வரிசைக்கு வந்தார். நான் திரும்பவும் விசிலை ஊதினேன். "மறுபடியும் இன்னாமா பேஜார் பண்ற? பெரியவங்க நீங்களே இப்படி லைனை உடைச்சா எப்படி?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை நீட்டி இடது பக்கம் காட்டினேன். அவர் போனார்.

அடுத்துச் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது.

தாம்பரத்துக் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து விதவைகளுக்கென்று நூல் சேலைகள் கொண்டுவந்திருந்தார்கள். சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தவன் நான். அந்த அம்மாவிடம் வந்தபோது அவர் கையை நீட்டவில்லை. சங்கோஜப்படுகிறார், நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டு, நானே ஒரு சேலையை அவர் கையில் திணித்தேன். "பரவால்லமா, வாங்கிக்கோ. உன்ன மாதிரி எவ்ளோ பேரு கீறாங்க" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது விதவைச் சேலை. அவர் அந்தச் சேலையைப் பார்த்தார், ஃபேனுக்கு எதிரே இருந்த கணவரைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒரு கிழவியின் கையில் அதை வைத்துவிட்டு, "நான் இதைக் கேட்டு வரலப்பா" என்றார். நான் அதற்கும் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். கொடுத்தால் வாங்கத் தெரியவில்லை என்று.

டாக்டர்கள் கிளம்பப்போவதாக மைக்கில் அறிவித்தபோது அவர் மூன்றாவது முறையாக ஆண்கள் வரிசைக்கு வந்தார். அப்போது வரிசையே கலைந்துகொண்டிருந்தது. நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதுவதற்குள் அவர் கை நான் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தது. முகம் வெளுத்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கணவர் ஓடிவந்தார். தாங்கிப் பிடித்து, அங்கே கிடந்த பெஞ்சில் படுக்கவைத்தோம். சேலைக்குள்ளே இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டை வைத்த பெல்ட் என் கையில் தட்டுப்பட்டது. கணவர் தன் பையிலிருந்து மாத்திரையை எடுத்து மனைவியின் வாயில் போட்டுவிட்டு, என்னிடம் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"இவங்க மிலிட்டரி ஆஸ்பத்திரி நர்ஸ் தம்பி. நர்ஸுன்னா அங்க ஆபீசர். தோள்ல மூணு ஸ்டார், கேப்டன். சண்டை நேரத்துல அடிபட்ட பசங்களை ஏத்திட்டு வந்த வண்டி கவுந்து முதுகு போச்சு. அதுக்கான பென்ஷனை இத்தனை வருஷமா யார் யார்கிட்டயோ கேட்டுட்டிருக்கோம். இன்னிக்கு டாக்டர் பாத்திருந்தா ஒரு வழி பொறந்திருக்கும். நான் துப்பாக்கியக் கண்ணால பாத்ததில்ல. என்னை ஃபேன்ல உக்காரவெச்சு டீ குடுத்தீங்க."

வரிசையில் கேலி செய்த மீசைக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நான் ஓடினேன். டாக்டர்களின் ஜீப் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். பம்பாயில் கற்ற இந்தி அன்றைக்குத்தான் எனக்கு உருப்படியாக உதவும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நோயாளி பாக்கி இருக்கிறார், ஓர் அம்மா, நடக்க முடியவில்லை என்று சொன்னேன். டாக்டர் வாட்சைப் பார்த்தபடி, "யாருடைய மனைவி?" என்று கேட்டார்.

"மனைவி இல்லை சார். அந்த அம்மாவே மிலிட்டரிதான்" என்றேன்.

டிரைவர் சிரித்துவிட்டான். அப்படியே என் சிரிப்பு. காலையில் நான் சிரித்த அதே சிரிப்பு. டாக்டர் கெட்டவர் இல்லை. குடும்பத்தினர் என்றால் பெண்கள் மேசையில் சொல்லச் சொல்லுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். ஜீப் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. நான் ரோட்டில் நின்றேன். சட்டையில் அந்த ரிப்பன் அப்போதும் இருந்தது. பிய்த்து எறிந்தேன்.

ரிக்‌ஷாவில் உட்கார அந்த அம்மாவால் முடியவில்லை. முதலாளியிடம் கேட்காமலேயே கடையின் மூன்று சக்கர வண்டியில் ஷாமியானா துணிகளை அடுக்கி மெத்தைபோலப் போட்டு, அதில் அவரைப் படுக்கவைத்தேன். அவர் கணவர் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கேம்ப் ரோட்டில் பள்ளத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து அந்த அம்மா மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது.

பாதி வழியில் அவராகவே பேசினார். "நீ மட்டும் இல்லப்பா. கேன்டீனுக்குப் போனா சாரை அனுப்புங்கம்மான்றான். ஆஸ்பத்திரியில யாரோட வைஃப்னு கேட்டு எழுதறான். ஒரு ஆபீஸ்ல, தையல் மெஷின் தரோம் வாங்கிக்கிறீங்களான்னு கேட்டாங்க. முதுகு வளையாதவளுக்குத் தையல் மெஷின்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தால் வலித்திருக்கும், நிறுத்திக்கொண்டார்.

நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டு வாங்கிப் பழகியவன் நான், அது எனக்கு உறைக்காது.

வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் பேச்சு வந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, "அம்மா, அடுத்த முகாமுக்கும் எங்க பந்தல்தான். உங்களுக்குன்னு தனியா ஒரு லைன் கட்டிடறேன்" என்றேன்.

கட்டிலில் படுத்தபடி அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்குத் தனி லைன் எதுக்குப்பா? நான் சரியான லைன்லதானே வந்து நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். கணவர் மோர் கொண்டுவந்தார். குடிக்காமல் போனால் மரியாதை இல்லையே என்று குடித்தேன்.

துணி அழுக்கானதற்கும் வண்டியைக் கேட்காமல் எடுத்ததற்கும் முதலாளி அன்றைக்கு என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். காதில் ஏறவில்லை. சில வாரம் கழித்து ஒரு கல்யாணப் பந்தலுக்குச் சேலையூர் போனபோது அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூட்டியிருந்தது. ராணுவ டாக்டர்கள் சோதிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, பூனாவுக்கு, ரயிலில் படுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பம்பாய்க்குப் போகும் அந்த ரயில் எனக்குத் தெரியும். அந்த வழியில் நின்றுகொண்டே போனவன் நான். அந்த முதுகோடு அந்தத் தூரம். அந்த மைதானத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது அடி நடக்கவிட்டிருந்தால் வேண்டியிருக்காத தூரம்.

அந்த மழைக்காலத்துக்கு முன்பே நான் தாம்பரத்தைவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவருக்குப் பென்ஷன் கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு முறை அந்தப் பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ அவமானம் பார்த்துவிட்டேன், பட்டினியோடு சேர்த்து எல்லாம் மறந்துபோனது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்ன உண்மையைக் கேட்டுவிட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை மட்டும் இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் இறக்கிவைக்க முடியவில்லை.