வடக்குப் பக்கத்துச் சூடு

இந்தக் கனடாவில் ஒரு மனுசனுக்குக் கால் வேர்க்கும்போதே தலை விறைக்கும். நம்பாதவர்கள் மில்லிக்கனில் ஒரு கடைத்தொகுதிப் பிளாசாவுக்குப் பின்னால் நின்ற எங்கள் காம்பர் வானில் ஓர் இரவு படுத்துப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே அடுப்பும் படுக்கையும் உள்ள பழைய வான் அது. இங்குள்ளவர்கள் கோடையில் காட்டுப்பக்கம் போய்ப் பொழுதுபோக்க வாங்குவார்கள். நாங்கள் தை மாதத்தில் அதில் குடியிருந்தோம். நான், என் மனுசன், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அவருடைய தகப்பன்.

எங்களுக்கு முதலில் தன் வீட்டு நிலத்தடியில் பேஸ்மென்ற் வாடகைக்குத் தந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். மாமா வந்திறங்கியதும், "ரெண்டு பேருக்கெண்டுதானே தந்தனான்" என்று கதவைச் சாத்தினார். வெள்ளைக்காரனைத் திட்டிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதையும் எழுதட்டும். வான், மனுசனோடு வேலை செய்த ஒருவருடையது. பிளாசாவின் பலசரக்குக் கடைக்காரர் இரக்கப்பட்டுக் கடையின் பின்சுவரிலிருந்து கரண்ட் எடுக்க விட்டார்.

வயர் கட்டை, நீளம் போதாது. ஆகவே வானின் பின்பக்கம் அந்தச் சுவரை ஒட்டி நிற்கவேண்டும். சுவர் வடக்கே. காஸில் எரிந்து கரண்டில் ஊதும் ஹீட்டரும் வானின் பின்பக்கத்தில். சூடெல்லாம் வடக்கே கிடந்தது. மாமாவோ வடக்கே தலை வைத்துப் படுக்கமாட்டார்.

"வடக்கை தலை வைச்சுப் படுத்துத்தான் அந்த யானைக்குத் தலை போனது. எனக்கு இருக்கிறது ஒரு தலைதான், பிள்ளை."

"கனடா முழுக்க வடக்குத்தானப்பா" என்றார் மனுசன்.

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனி?"

குறுக்கே படுக்கலாமென்றால் மாமா நெடியவர், வான் ஒடுக்கம். முன் கண்ணாடிக்குக் கீழே தலையை வைத்து இருமிக்கொண்டு கிடந்தார். இன்னொருமுறை குளிர் பிடித்தால் நியூமோனியாதான், இந்த வயதில் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மனுசன் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார். தெர்மோஸ்ராற் சூடு வரும் வாயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது சூட்டைக் கண்டதும் ஹீட்டரை நிறுத்திவிடும், முன்பக்கம் குளிரில் கிடக்கும். அதைக் கழற்றி முன்னால் பூட்டினார். அன்றிரவு ஹீட்டர் நிற்கவேயில்லை. பின்னால் நாங்கள் சுவெற்றரைக் கழற்றி எறிந்தோம், முன்னால் மாமா நடுங்கினார். விடியுமுன் காஸ் முடிந்துவிட்டது. கண்ணாடிக்குப் போர்வை கட்டினோம். போர்வையிலும் பனி பூத்தது. பிறகு சூட்டை முன்னால் கொண்டுபோக ஒரு தகரக் குழாய் வாங்க, காம்பர் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். எங்கே பயணம் என்று கடைப் பெடியன் சிரித்துக்கொண்டு கேட்டான். அப்பாவுக்குத் தலை குளிருது என்று மனுசன் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவன் ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து நீட்டினான்.

குழாயைப் பூட்டியதும் மாமா அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தார். "ஆரோ பக்கத்திலை நிண்டு ஊதுறமாதிரிக் கிடக்கு" என்றார். அவ்வளவுதான். ஒரு முனையைச் சூடாக்கத்தான் அந்த ஹீட்டருக்குப் பலம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரில் ஷெல்லடிக்கு ஓடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பல குடும்பங்கள் நெருக்கிப் படுத்தபோதும் மாமா திசை பார்த்தவர். இருட்டில் எல்லோரையும் எழுப்பிப் பாய்களைத் திருப்பிப் போடவைத்தார். சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. "ஏசுங்கோ. உயிரோடை விடியட்டும்" என்றார் அவர். அவ்வளவு ஆசை அவருக்கு, உயிரோடு விடியவேண்டுமென்று.

குழாய் பூட்டியதற்கு அடுத்த இரவு சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிவிட்டுத் திரும்பினேன். மாமா தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்திருந்தார். ஹீட்டர் பக்கம் அதைப் போட்டுப் படுத்தார். யாரும் வரச்சொல்லிக் கேட்கவில்லை. நாங்கள் கெஞ்சுவதை முந்தின நாளோடு விட்டிருந்தோம்.

"மாமா, உது வடக்கு."

"தெரியும் பிள்ளை. லைற்றை நூர்."

மனுசன் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் இதற்குத்தானே மன்றாடினோம், இப்போது உயிரோடு விடியும் ஆசையை அவர் விட்டுவிட்டாரோ என்றிருந்தது. நான் லைற்றை அணைத்தேன். அன்றிரவு மாமா இருமவில்லை. தலை சூட்டில் கிடந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கால்கள், தெற்கே, அவர் வந்த திசையைப் பார்த்தபடி, விறைத்துக் கிடந்தன. நான் அவற்றை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூடு ஏறவேயில்லை.